கிளவுட் நெட்வொர்க்குக்கு அபாயக் கோடு போட்டாச்சா? விழுப்புரம் ஜங்ஷன் சொல்லும் பாடம்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளம் வடியவில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே 452ஆம் எண் ரயில்வே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. அந்தத் தடத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சில ரத்தாகின, சில மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டன.

பாதிப்பு அந்த ஒரு பாலத்தோடு நிற்கவில்லை. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் தடம் விழுப்புரம் ஜங்ஷனில்தான் திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று பிரிகிறது. ஜங்ஷன் பக்கத்தில் சிக்கல் என்றால் எல்லா ஊர்க்காரர்களுக்கும் சிக்கல்தான். பயணிகள் தவித்தாலும், ஆபத்து வருவதற்கு முன்பே ரயில்களை நிறுத்த முடிந்தது. காரணம், 'தண்ணீர் இதற்கு மேல் போனால் நிறுத்து' என்ற அளவு அந்தப் பாலத்துக்கு முன்கூட்டியே இருந்தது.

கிளவுடிலும் இப்படி ஒரு ஜங்ஷன் உண்டு. அதன் பெயர் விர்ச்சுவல் நெட்வொர்க் ஹப். விழுப்புரம், திண்டிவனம், கடலூரில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு எல்லாம் கிளவுட் சர்வரில். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு விபிஎன் டனல் ஹப்புக்குப் போகும். அங்கிருந்து சர்வருக்குப் பாதை பிரியும். ஹப் தடுமாறினால் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் பில் போட முடியாது.

இவ்வளவு முக்கியமான இடத்துக்கு அபாயக் கோடு போடுவதைப் பல நிறுவனங்கள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்கின்றன. அது தப்பு. ஹப் உருவாகும் அதே நாளில் கண்காணிப்பும் உருவாக வேண்டும்.

தானாக வருவது எது, வராதது எது?

மைக்ரோசாஃப்ட் அஸூரை உதாரணமாகப் பார்க்கலாம். டனல் வழியாக எவ்வளவு டேட்டா போகிறது, பிஜிபி இணைப்பு உயிரோடு இருக்கிறதா போன்ற மெட்ரிக்ஸ் தானாகவே பதிவாகும். 93 நாட்கள் இருக்கும். ஆனால் டனல் ஏன் அறுந்தது, ரூட் எப்போது மாறியது என்று சொல்லும் லாக் தானாகச் சேமிக்கப்படாது. 'டயக்னாஸ்டிக் செட்டிங்' போய் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். கோளாறு வந்த பிறகு ஆன் செய்தால், நடந்து முடிந்த கதை கிடைக்காது.

லாக் சேர்த்தால் காசு ஆகுமே என்பது நியாயமான கேள்விதான். சேரும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. அதனால் எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டாம். டனல் லாக், ரூட் லாக் இரண்டும் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கோடு எங்கே போடுவது?

அஸூர் ஹப்பில் ஒரு விபிஎன் ஸ்கேல் யூனிட் என்பது 500 எம்பிபிஎஸ். அப்படியானால் 400ஐத் தொட்டு சில நிமிடங்கள் நீடித்தாலே அலர்ட் வர வேண்டும். டனல் அறுந்தால் ஒரு அலர்ட், பிஜிபி விழுந்தால் ஒரு அலர்ட். இந்த மூன்றிலிருந்து தொடங்கலாம். முப்பது அலர்ட் வைத்தால் இரண்டாவது வாரமே எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் பக்கத்தில், யார் எடுப்பார், முதலில் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். கோடு தாண்டியதும் யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் கோடு எதற்கு?

மணி வெளியே இருக்கட்டும்

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் 6 மணி நேரம் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, நிறுவனத்தின் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் அவையும் சேர்ந்து படுத்துவிட்டன.

சின்ன நிறுவனத்துக்கும் இதே பாடம்தான். எச்சரிக்கை அந்த ஹப்பை நம்பியிருக்கக் கூடாது. நேராகக் கைபேசிக்கு எஸ்எம்எஸ் அல்லது அழைப்பாக வரட்டும். டனல் பச்சை காட்டினாலும் பில்லிங் ஓடாத நாட்கள் உண்டு. அதனால் திண்டிவனம் கிளையில் உள்ள ஒரு கணினியிலிருந்து பில்லிங் சர்வரைத் தொட முடிகிறதா என்று இடைவிடாமல் சோதிக்கும் ஏற்பாடும் தேவை. அஸூரில் இதற்கு 'கனெக்ஷன் மானிட்டர்' இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "திண்டிவனம் லைன் போனா, முதல்ல யாருக்குத் தெரியும்?" கிளை மேலாளர் போன் செய்து கத்தினால்தான் தெரியும் என்பது பதிலானால், கண்காணிப்பு இன்னும் தொடங்கவே இல்லை.