“ஒரு போட்டோ அனுப்புங்கோ தங்கச்சி”

ஓன்லைன் ஸ்கின்கெயார் கோச்சுகளைப் பற்றி எங்கட ஆக்கள் இரண்டு விதமாகக் கதைக்கினம். ஒரு பக்கம், “அக்கா சொன்னதைச் செய்தன், முகமே மாறிட்டுது” எண்டு கையெடுத்துக் கும்பிடுற ஆக்கள். மற்றப் பக்கம், “பெட்டையளுக்கு வேற வேலை இல்லை, கடலைமாவைப் பூசினால் காணாதோ” எண்டு நக்கலடிக்கிற ஆக்கள். இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. தோலைப் பராமரிக்க ஆசைப்படுவது குற்றமில்லை. முகம் நிறையப் பருவோடு பள்ளிக்கூடம் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விசயமும் இல்லை. பிரச்சினை வேற இடத்தில் இருக்கு. ஆலோசனை சொல்லுறவரே கடைக்காரராகவும் இருக்கிறார். எந்தக் கடைக்காரர் “உங்களுக்கு இதொண்டும் தேவையில்லை” எண்டு சொல்லி அனுப்புவார்?

நடைமுறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இன்பொக்ஸுக்குப் போனால் முதல் வசனம், “ஒரு போட்டோ அனுப்புங்கோ தங்கச்சி.” பிறகு நாலைந்து கேள்வி. பிறகு “உங்கட ஸ்கின்னுக்கெண்டே தயாரிச்ச ரூட்டீன்” வரும். பேஸ்வோஷ், ரொனர், சீரம், இரவுக் கிறீம், சன்ஸ்கிறீன், நிறம் வெளிக்கிற சவர்க்காரம். உங்கட சிநேகிதியும் அதே கோச்சிட்டப் போயிருந்தால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. எண்ணெய்த் தோலுக்கும் வறண்ட தோலுக்கும் ஒரே பொதி வந்திருந்தால், ‘உங்களுக்கெண்டே’ எண்ட சொல்லுக்குத்தான் நீங்கள் காசு குடுத்திருக்கிறீங்கள்.

போட்டோவை வைச்சுத் தோலை அறியிறது எவ்வளவு நம்பகமானது? போன் கமரா தானாகவே முகத்தை மெழுகுது. மஞ்சள் பல்பின் கீழே ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு நிறம். ‘முன்பு – பின்பு’ படங்களில் வித்தை காட்டுறது பாதி நேரம் வெளிச்சம்தான். தோல் வைத்தியர் கிட்டவந்து பார்த்து, தேவையெண்டால் தொட்டுப் பார்த்து, என்ன மருந்து குடிக்கிறீங்கள், மாதவிடாய் ஒழுங்கா வருதோ, பிள்ளை எதிர்பார்க்கிறீங்களோ எண்டெல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வி முக்கியம். பருவுக்கும் தழும்புக்கும் குடுக்கிற ரெட்டினொயிட் வகைகளைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேணும். அதைக் கேட்காமல் இரவுக் கிறீம் அனுப்புற ஆளை எந்த நம்பிக்கையில் ‘கோச்’ எண்டு கூப்பிடுறம்?

அடுத்தது வேகம். “ஏழு நாளில ரிசல்ட்” எண்டு போடுகினம். தோலின் மேல்படை புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நாலு கிழமை எடுக்கும். பருவுக்கு வைத்தியர் தாற மருந்தே வேலை செய்யுதோ எண்டு பார்க்க ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை பொறுக்கச் சொல்லுவினம். அப்படியிருக்க, பெயர் ஒட்டாத டப்பாவில வந்த கிறீம் ஒரு கிழமையில முகத்தை வெளுப்பாக்கினால் சந்தோசப்பட முதல் சந்தேகப்பட வேணும். அதுக்குள்ள என்ன இருக்கும் எண்டதுக்கு உலகம் முழுக்கக் கண்ட விடைகள் இரண்டு: ஸ்டீரொயிட், பாதரசம்.

பெற்றாமெத்தசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொயிட்டுகள் நல்ல மருந்துகள். கிரந்திக்கும் சொறிக்கும் வைத்தியர் அளவோடு, நாளெண்ணித் தாறவை. அதையே முகத்தில மாதக்கணக்காப் பூசினால் தோல் மெல்லிசாகும், நரம்பு நரம்பாச் சிவப்புக் கோடுகள் தெரியும், பரு புதுசா வரும், முடி முளைக்கும். நிப்பாட்டினால் முகம் எரியும், சிவக்கும். உடனே திரும்பப் பூசுவீங்கள். கோச்சுக்கு அதைவிட விசுவாசமான வாடிக்கையாளர் கிடைப்பாரோ?

பாதரசம் தோலில நிறம் உண்டாகிறதைத் தடுக்கும். அதோட தோலுக்குள்ளால உடம்புக்குள்ள போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசினவரோட மட்டும் நிக்கவும் மாட்டுது. துவாய், தலகணி உறை, பிள்ளையைக் கொஞ்சுற கன்னம் எண்டு வீட்டில மற்றவைக்கும் போகும். “பூசும்போது தங்கம், வெள்ளி நகையில படாமல் பாருங்கோ” எண்டு ஒரு கிறீமில எழுதியிருந்தாலோ கோச் சொன்னாலோ அங்கேயே நிப்பாட்டுங்கோ. நகையைக் கெடுக்கிற பாதரசம் அதில இருக்கக்கூடும் எண்டதுக்கு அது ஒரு அடையாளம். தாலிக்கொடிக்கு ஆகாத கிறீம் கன்னத்துக்கு எப்படி ஆகும்?

பாதரசத்தைக் கட்டுப்படுத்துற மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள வெளுப்பாக்கும் கிறீமையும் சவர்க்காரத்தையும் 2020க்குப் பிறகு தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது எண்டு அது சொல்லுது. உள்நாட்டுச் சட்டத்தைப் பாருங்கோ. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருள், சாதனம், மருந்து எண்ட மூன்றும் இருந்தது. அதை நீக்கிக் கொண்டுவந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்து, மருத்துவ சாதனம், இரண்டுக்கும் இடைப்பட்ட உற்பத்தி எண்டு கதைக்குது. அழகுசாதனம் எண்ட சொல் தலைப்பிலிருந்து போய்விட்டது. சந்தியில வடை சுடுற கடைக்குப் பி.எச்.ஐ. வாறார், எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கிறார். வட்ஸ்அப்பில விக்கிற இரவுக் கிறீமின் டப்பாவை ஆர் திறந்து பார்க்கிறது?

“அவையும் உழைக்கத்தானே வேணும், 2022 நெருக்கடிக்குப் பிறகு வீட்டில இருந்து ஏதோ செய்யுதுகள்” எண்டு சொல்லுவீங்கள். உழைக்கட்டும். வீட்டில இருந்து கேக் அடிச்சு விக்கிற அக்காவிட்ட நாங்கள் வாங்குறம்தானே. ஆனால் அந்த அக்கா முட்டை போட்டதோ எண்டு கேட்டால் பதில் சொல்லுறா. கிறீமுக்குள்ள என்ன எண்டு கேட்டால் “அது எங்கட சீக்ரெட் போர்முலா” எண்டு வருது. தோல் எரியுது எண்டால் “அது பேர்ஜிங், அழுக்கு வெளியில வருது, விடாமல் போடுங்கோ” எண்டு வருது. ரெட்டினொயிட் போடத் தொடங்கும்போது சிலருக்குப் பரு கொஞ்சம் கூடுறது உண்மைதான். எரிவு, வீக்கம், தோல் உரியிறது எல்லாத்துக்கும் அந்தச் சொல்லையே போர்வையாப் போர்க்கிறது ஏமாற்று. அதுவும் எங்கட மாதிரி மண்ணிறத் தோலில், எரிஞ்ச இடம் ஆறினாப் பிறகு கறுப்புத் தழும்பை விட்டிட்டுத்தான் போகும். அந்தத் தழும்புக்கு அடுத்த பொதி விக்கப்படும்.

இன்னொரு கேள்வியையும் ஒளிக்காமல் கேட்போம். அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக் இலவசம். ஏன் பிள்ளையள் அங்க போகேல்லை? காலமை போய் வரிசையில நிண்டு, அரைநாள் லீவு போட்டு, ஐந்து நிமிசத்தில துண்டோட வெளியில வரவேணும். “இந்தச் சின்னப் பருவுக்கோ வந்தனீர்?” எண்ட கேள்வியையும் கேட்கவேணும். கோச் இரவு பதினொரு மணிக்கும் பதில் போடுறா, ‘தங்கச்சி’ எண்டு கூப்பிடுறா. அந்த அன்புக்கு ஏங்குற பிள்ளையை நக்கலடிக்கிறவை முதலில் வெட்கப்பட வேணும். “பொம்பிளை என்ன நிறம்?” எண்டு புறோக்கரிட்டக் கேட்கிறது எங்கட மாமிமார்தான். மணமகள் தேவை விளம்பரத்தில ‘வெள்ளை’, ‘பொதுநிறம்’ எண்டு போடுறதும் எங்கட வீடுகள்தான். பெரிய கொம்பனிகளுக்கும் இந்தச் சந்தை தெரியும். 1975இல் இந்தியாவில் வந்த ‘பெயார் அன்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அன்ட் லவ்லி’ ஆனது. டப்பாவில சொல் மாறினதே தவிர, வாங்குறவையின்ர பயம் அப்படியேதான் இருக்கு. கோச்சுகள் அந்தப் பயத்தைச் சில்லறையில விக்கினம்.

அப்ப கோச்சே வேண்டாமோ? நல்ல கோச் ஒருத்தர் இருக்கலாம். அவர் செய்யிற வேலை பழக்குறது. வீட்டில ஒரு ரூட்டீனுக்கு அடிப்படை மூன்றுதான்: மென்மையான கழுவல், ஒரு மொயிஸ்சரைசர், பகலில எஸ்.பி.எப். 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன். புதுசா எதையும் முகத்தில போட முதல் முழங்கையின் உள்பக்கத்தில நாலைந்து நாள் போட்டுப் பார்க்கவேணும். ஒரு நேரத்தில ஒரு புதுப் பொருள்தான். ஐந்தையும் சேர்த்துத் தொடங்கினால் எது எரிச்சது எண்டு ஆருக்கும் தெரியாது. தேசிக்காயைப் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போகக்கூடாது, தோல் கொப்பளிக்கும். இவ்வளவையும் சொல்லித்தந்து, பார்மசியில நீங்களே வாங்குங்கோ எண்டு விட்டு, ஆறு கிழமைக்குப் பிறகும் பரு குறையேல்லை எண்டால் “இனி வைத்தியரிட்டப் போங்கோ” எண்டு சொல்லுறவருக்குக் காசு குடுங்கோ. அது நேர்மையான கூலி.

மற்றவையிட்ட நாலு கேள்வி கேளுங்கோ. உள்ளடக்கம் முழுக்க எழுதின லேபிள் இருக்கோ? இதை வித்தால் உங்களுக்கு எவ்வளவு? தோல் வைத்தியத்தில என்ன படிச்சனீங்கள்? எரிஞ்சால் காசு திரும்ப வருமோ? பதில் வராவிட்டால் காசும் போகக்கூடாது. ஏற்கனவே வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறவை, குறிப்பா மாதக்கணக்காப் பூசினவை, டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. என்னத்தைப் பூசினனீங்கள் எண்டு வைத்தியருக்குத் தெரிஞ்சால்தான் எப்படி நிப்பாட்டுறது எண்டு சொல்ல ஏலும். பில்லையும் இன்பொக்ஸ் உரையாடலையும் அழிக்காதைங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

இதை வாசிக்கிற கோச் ஆராவது கோபப்பட்டால் செய்யக்கூடிய வேலை ஒண்டு இருக்கு. உங்கட கிறீமின் உள்ளடக்கப் பட்டியலை இண்டைக்கே உங்கட பக்கத்தில போடுங்கோ. நாங்களே அதைப் பகிர்ந்து விடுறம்.