மாலையும் வேண்டாம், தடையும் வேண்டாம்

போன மாதம் ஒரு காலை, வேப்பந்தட்டை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி கைபேசியில் ஒரு படத்தைச் சுற்றுக்கு விட்டான். வடக்கே ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பையன் பழைய எஞ்சினை வைத்துச் சிறிய விமானம் ஒன்று செய்திருக்கிறான். பையன் கழுத்தில் மாலை, விமானத்தின் மூக்கிலும் மாலை, சுற்றிலும் கூட்டம்.

"இன்னும் நாலு நாள்ல போலீஸ் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார் ஒருவர். "சோளத்துக்கே விலையைக் காணோம், இதுல ஏரோப்ளேன் ஒரு கேடா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு பதில் எல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வருகிறது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலருக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளி அலமாரியில் இருந்த ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகைத் தொகுப்பில் குட்டையான, வேடிக்கையான ஒரு விமானத்தின் படம் இருந்தது. அதன் பெயர் 'பூ துய் சியெல்'. தமிழில் சொன்னால் 'வானத்துப் பேன்'. பேனுக்கு இறக்கையா என்று வகுப்பே சிரித்தது.

அதைச் செய்தவர் ஆன்ரி மிக்னே என்ற பிரெஞ்சுக்காரர். மரச்சட்டம், துணி, மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற அளவில் ஓர் எஞ்சின், அவ்வளவுதான். 1933 செப்டம்பரில் அதில் பறந்தார். அடுத்த வருடமே அதைச் செய்யும் முறையை அளவுகளோடு புத்தகமாகப் போட்டுவிட்டார். பிரான்சிலும் பிரிட்டனிலும் தச்சர்களும் மெக்கானிக்குகளும் வாத்தியார்களும் கொட்டகையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பேன் செய்யத் தொடங்கினார்கள்.

பிறகு ஆட்கள் செத்தார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. ஒன்றல்ல, பல. 1936-ல் அதற்கான பறக்கும் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தியது சரிதான்.

ஆனால் நிறுத்திவிட்டுக் கோப்பை மூடவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பிரிட்டனில் ஃபார்ன்பரோவிலும் பிரான்சில் ஷலே மெதோனிலும் அந்தக் கேலிக்குரிய பேனை முழு உருவத்தில் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திக் காற்றடித்துப் பார்த்தார்கள். குறை தெரிந்தது. மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்தால், முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றின் காற்றை மற்றொன்று கெடுத்துக்கொள்கின்றன. அப்போது விமானி எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழும்பாது. காரணம் தெரிந்ததும் வடிவத்தைத் திருத்தினார்கள். மிக்னே வழியில் செய்த விமானங்கள் அதற்குப் பிறகும் பறந்தன. ஒரு தச்சன் செய்த பொருளுக்கு அரசாங்கத்தின் உயர்ந்த ஆய்வுக்கூடம் நேரம் ஒதுக்கியது. என்னை இன்றுவரை ஆச்சரியப்படுத்துவது அதுதான்.

அமெரிக்காவில் 1953-ல் மில்வாக்கியில் பால் பொபரெஸ்னி என்பவர் வீட்டில் விமானம் செய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், நீயே கற்றுக்கொள்வதற்காகச் செய்திருந்தால் 'சோதனை விமானம்' என்று பதிவு செய்யலாம். அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் விமானத்தின் மேல் எழுத வேண்டும். முதலில் இத்தனை மணி நேரம் பயணி யாரையும் ஏற்றாமல், ஜனம் நெருங்கி வாழாத இடத்தின் மேல் பறந்து காட்ட வேண்டும். செய்தவனுக்கே அந்த ஒரு விமானத்தை ஆண்டுதோறும் பரிசோதித்துக் கையெழுத்திடும் உரிமை கிடைக்கும். எதைச் செய்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். நமக்கும் இது புதிதல்ல. 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தானே வரைந்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் செய்வித்துத் தீவுத்திடலில் பறந்து காட்டினார். வண்டி கட்டுகிற பட்டறையில் பிறந்த விமானம் அது. ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கேரளத்தில் தொடுபுழைப் பக்கம் சஜி தாமஸ் என்று ஒருவர். காது கேளாது, வாய் பேச முடியாது. படிப்பு ஏழாம் வகுப்பு. ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து வந்த ஆசை. பல வருடம் உழைத்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்து, இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைச் செய்தார். அது 2014-ல் பறந்தது நம் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் துணை நின்றார். 2017-ல் அவர் கதையைத் தழுவி மலையாளத்தில் 'விமானம்' என்று சினிமாவே வந்தது. சினிமா எடுத்தோம், கைதட்டினோம். நாளைக்கு இன்னொரு சஜி தாமஸ் வந்தால் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தை, யாரிடம் கொடுப்பது என்று நம் தாலுகாவில் ஒருவருக்காவது தெரியுமா?

மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதை வைத்தார்கள். மந்திரிகள் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பதிவுச் சான்று கைக்கு வந்தது 2017 நவம்பரில். மாலைக்கும் சான்றுக்கும் நடுவே ஒன்றே முக்கால் வருடம். முறைப்படி விமானி உரிமம் வைத்திருப்பவருக்கே இந்தக் கதி.

ஆலப்புழையைச் சேர்ந்த ஒரு பொறியாளர் லண்டனில் வேலை பார்க்கிறார். கொரோனா முடக்கத்தில் வீட்டிலேயே, விலைக்கு வாங்கிய பாகங்களைக் கோத்து நாலு பேர் உட்காரும் விமானம் செய்தார். அங்குள்ள சங்கத்தின் ஆய்வாளர் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். 2022-ல் அதில் குடும்பத்தோடு ஊர் சுற்றினார். இரண்டு பேருமே மலையாளிகள், இரண்டு பேர் கையும் ஒரே மாதிரிக் கைதான். மாறியது பதிவேடு மட்டுமே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். செய்வதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பழுது பார்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டில் செய்த விமானம் கல்யாணப் பந்தல் மாதிரி அல்ல, ஒரு நாளோடு முடிய. துணி வெயிலில் நைந்துபோகும். பழைய விமானங்களில் பாலின் கேசினில் செய்த பசை போட்டிருப்பார்கள், ஈரம் பட்டால் விட்டுப்போகும். குழாய்க்கு உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது. அதனால் சில வருடத்துக்கு ஒரு முறை தோலை உரித்து, எலும்பு எலும்பாகப் பார்த்து, தட்டிக் கேட்டு, கெட்டதை வெட்டி நல்லதை ஒட்டி, மறுபடி துணி போர்த்தி டோப் பூச வேண்டும். இறக்கையின் உத்திரம் உடைந்திருந்தால் ஒரு அங்குலக் கனத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. உலகத்தின் முதல் விமானத்துக்கே இது நடந்தது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடையில் செய்த விமானம், பறந்த அன்றே, 1903 டிசம்பர் 17-ல், காற்றில் உருண்டு நொறுங்கியது. பெட்டியில் கிடந்து 1913 வெள்ளத்தில் நனைந்தது. ஆர்வில் 1916-ல் அதைச் சீர்செய்தார். 1927-ல் மறுபடி துணி மாற்றினார். இன்று அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருப்பது அப்படிப் பழுது பார்த்துக் காப்பாற்றிய விமானம்.

நம் ஊரில் பழுது பார்ப்பதற்கு என்ன மரியாதை என்பதை நானே சொல்கிறேன், ஏனென்றால் நானே குற்றவாளி. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஜீப் நின்றுபோனது. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் வந்து, "சார், கியர் பாக்ஸ் மட்டும்தான், நான் சரி பண்ணித் தர்றேன்" என்றார். அவருக்குச் சான்றிதழ் இல்லை. அவர் கேட்ட தொகைக்குத் தலைப்பும் இல்லை. 'பழுது நீக்கத் தகுதியற்றது' என்று நான்தான் குறிப்பு எழுதினேன். மேலே ஒப்பம் ஆனது. கண்டம் செய்து ஏலம் விட்டோம். ஏலத்தில் எடுத்தவர் அதே மெக்கானிக். அந்த ஜீப் அதற்குப் பிறகு பதினொரு வருடம் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு என் கண் முன்னாலேயே ஓடியது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மரியாதையாக வணக்கம் வைப்பார். அந்த வணக்கம் மெமோவை விட அதிகமாகச் சுட்டது.

அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது அங்கே பயன்பாட்டிலிருந்து கழிக்கப்பட்ட இரண்டு விமானங்கள் மாணவர் பார்க்க நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் ஈர்ப்பில்தான் விமானப் பொறியியல் எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா இருந்து, அந்த இரண்டையும் கிலோ கணக்கில் ஏலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"சோளத்துக்கு விலை இல்லாத ஊரில் விமானம் எதற்கு?" என்று கேட்ட நண்பருக்கு நேராகவே சொல்கிறேன். நம் தாலுகாவிலேயே அரும்பாவூர் இருக்கிறது. அங்கத்திய மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் மரம் பார்த்து, ரேகை பார்த்து இழைக்கிற கைகள் அவை. தேர் பழுதானால் கண்டம் செய்வோமா? திருப்பணி செய்வோம். திருவாரூர்த் தேருக்கு அச்சும் சக்கரமும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதே மாதிரி, வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரைட் விமானத்தின் துணி பருத்தி. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ என்ற மர விமானத்தின் மேல் போர்த்திய துணிக்கு 'மடபொலம்' என்று பெயர். அந்தப் பெயர் பழைய சென்னை மாகாணத்தில், நரசாபுரம் பக்கத்தில் இருந்த ஒரு நெசவு கிராமத்தின் பெயர். மரமும் பருத்தியும் தெரிந்த ஊருக்கு விமானம் அந்நியம் என்று யார் சொன்னது?

பாதுகாப்பு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் எதையாவது கட்டி ஊர் மேல் பறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடை போட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. பையன் ராத்திரியில், யாரிடமும் கேட்காமல், தப்பான ஆணியைப் போட்டுச் செய்வான். கேட்கிறவன் கையில் படிவத்தையும், பார்க்கிறவன் கையில் சுத்தியலையும் கொடுங்கள். அதுதான் பாதுகாப்பு.

1934-ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. நல்ல சமயம். சொந்தமாக விமானம் செய்கிறவருக்கும் பழுது பார்க்கிறவருக்கும் எளிய தமிழில் ஒரு நடைமுறை வேண்டும். கட்டம் கட்டமாக வந்து பார்க்க ஓர் ஆய்வாளர் வேண்டும். பதிலுக்கு ஒரு கெடு வேண்டும். இன்னொன்று, நம் மாவட்டத்து ஐ.டி.ஐ.க்குப் பயன்பாட்டிலிருந்து கழித்த சிறிய விமானம் ஒன்றைக் கொடுங்கள். பறக்கவிடக் கூட வேண்டாம். பையன்கள் அதைப் பிரித்து, அரும்பாவூர்த் தச்சர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட, திரும்பக் கட்டட்டும். ஒவ்வொரு ஆணிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதட்டும். அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றால், சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன். முப்பத்து மூன்று வருடம் நான் கற்ற வித்தை அது ஒன்றுதான்.

நேற்று அந்தத் தம்பியை மறுபடி பார்த்தேன். "அந்தப் பையன் விமானம் என்ன ஆச்சுப்பா?" என்று கேட்டேன். "தெரியலையே ஐயா, அப்புறம் ஒண்ணும் வரல" என்றான்.