கருத்துக் கேட்பா, காது குத்தா?

தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள மின்கட்டண ஆணைக்கு ஆயுள் 2027 மார்ச் 31 வரைதான். அதற்கடுத்த ஆண்டுகளுக்கு யூனிட் என்ன விலை, யாருக்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மறுபடி தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன் கட்டண மனுவை வெளியிட்டு, மக்களின் ஆலோசனையையும் ஆட்சேபணையையும் கேட்டாக வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சரி, யார் அந்த 'மக்கள்'? விசாரணைக் கூடத்தில் பனியன் கம்பெனி முதலாளி இருப்பார். நூற்பாலைச் சங்கம் இருக்கும். விசைத்தறி உரிமையாளரும் விவசாயச் சங்கத் தலைவரும் இருப்பார்கள். ஓவர்லாக் மெஷினில் குனிந்து பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற அருந்ததியப் பெண் இருப்பாரா? அவருக்குக் கைமடி மடிக்கும் பிள்ளையின் குரல் அங்கே கேட்குமா?

போன முறை நடந்ததைப் பார்ப்போம். 2022 ஜூலை 18 அன்று மின்வாரியம் மனு போட்டது. ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை. மூன்று ஊர், மூன்று நாள். செவ்வாய், வியாழன், திங்கள் என மூன்றுமே ஷிப்டு நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு விடுகிற திருப்பூர்த் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்காசைப் போட்டுக் கோவைக்குப் பஸ் ஏறினால்தான் 'பொதுமக்கள்' கணக்கில் சேர முடியும். கடைசி விசாரணை முடிந்த 18ஆம் நாள், செப்டம்பர் 9 அன்று, ஆணை வந்தது. மறுநாளே கட்டணம் ஏறியது.

அதோடு முடிந்ததா? ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டையொட்டி 6 விழுக்காட்டுக்கு மிகாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்ற சூத்திரமும் அந்த ஆணைக்குள்ளேயே இருந்தது. 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 விழுக்காடு. 2023லும் 2025லும் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது. 2024இல் வீடுகளுக்கும் ஏறியது. இந்த உயர்வுகளுக்குத் தனித்தனியாக யாரும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டதே ஐந்து வருசத்துக்குப் போதுமாம். அதனால்தான் வரப்போகிற விசாரணையைத் தவறவிட்டால் இன்னும் பல ஜூலைகளைத் தவறவிட்டதாக ஆகும் என்கிறோம்.

பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், பலனும் பெற்றார்கள். சட்டம் தெரிந்த உறுப்பினர் இல்லாத ஆணையம் ஆணை போடக் கூடாது என்று நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. தனி நீதிபதி அதை ஏற்றார். மேல்முறையீட்டில்தான் வாரியம் தப்பித்தது. காலையும் மாலையும் உச்ச நேரத்துக்கு விதித்த 25 விழுக்காடு கூடுதல் கட்டணம், சிறுதொழில்காரர்கள் குரல் கொடுத்ததும் 2022 நவம்பரில் 15 ஆகக் குறைந்தது. மீதிச் சுமையை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று சிறு, குறுந்தொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. அவர்களின் வலி பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் ஏறினால் "கரண்டு ஏறிப்போச்சு, பீஸ் ரேட்டை ஏத்த முடியாதுப்பா" என்பார்கள். கட்டணம் குறைந்த அன்றைக்கு "இந்தா, பீஸுக்கு அஞ்சு பைசா சேத்து வாங்கிக்க" என்று சொன்ன கம்பெனி எங்கேயாவது உண்டா?

இந்த மண்ணில் மின்சாரத்துக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததன் பின்னால் அந்தப் போராட்டங்கள் நிற்கின்றன. ஆனால் கிணறும் நிலமும் உள்ளவனுக்குத்தானே பம்புசெட்டு? வாய்க்காலில் தண்ணி பாய்ச்சிய பண்ணையாளுக்கு, மாதாரி வளவுக்கு, வந்தது குடிசைக்கு ஒரு பல்பு. வாரியமே தன் கணக்கேட்டில் மின்வசதி பெற்ற கிராமங்கள் தனி, ஆதிதிராவிடர் காலனிகள் தனி என்றுதான் எழுதி வந்தது. ஊருக்கு வந்த அன்றைக்கே சேரிக்கும் கரண்டு வந்திருந்தால் இரண்டு பத்தி எதற்கு?

விசைத்தறிக்கும் இதே கதைதான். 2006இல் 500 யூனிட், 2016இல் 750, 2023இல் 1,000 என்று இரண்டு மாதத்துக்கான இலவசம் கூடியது. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் சிறு தறிக்காரர் பிழைத்திருக்க அது வேண்டும்தான். சலுகை மீட்டரோடு போகிறது. மீட்டர் சொத்தோடு போகிறது. சொத்து யாரிடம் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்திருக்கிறது. மின்கட்டணத்தில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

திருப்பூரின் லைன் வீடுகளுக்கு வாருங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த நம் சனமும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் காம்பவுண்டுகள் அவை. 2016 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் பல காம்பவுண்டுகளில் இணைப்பு வீட்டுக்காரர் பேரில். அறைக்கு அறை சப்-மீட்டர். அதில் ஓடும் முதல் யூனிட்டிலிருந்தே காசு, அதுவும் வீட்டுக்காரர் வைத்த ரேட்டு. "ஏனுங், நூறு யூனிட் இலவசமாமே?" என்று கேட்டால், "இஷ்டமிருந்தா இரு, இல்லீன்னா காலி பண்ணிக்க" என்று பதில். அரசு நம் பேரில் அறிவிக்கும் சலுகை நம் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது.

குடியிருப்பவர் தன் பேரிலேயே இணைப்பு கேட்கலாம் என்று ஆணையத்தின் பகிர்மான விதித்தொகுப்பு சொல்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர மறுத்தாலும், முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரமும் பொறுப்புறுதிப் பத்திரமும் கொடுத்து, இரட்டிப்பு வைப்புத்தொகை கட்டிக் கேட்கலாம். விதி இருக்கிறது. ஆனால் வைப்புத்தொகையை இரட்டிப்பாகக் கட்டி, வீட்டுக்காரரையும் பகைத்துக்கொண்டு எத்தனை பேர் அங்கே குடியிருக்க முடியும்? இந்த விதியைத் திருத்து என்று விசாரணையில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த ஆபத்து டெல்லியிலிருந்து. 2025 அக்டோபரில் ஒன்றிய மின் அமைச்சகம் ஒரு சட்டத்திருத்த வரைவை வெளியிட்டது. தொழிற்சாலைகளும் ரயில்வேயும் மற்றவர்களுக்காகச் சுமக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டில் ஒழிப்பது, ஒரே கம்பியில் பல கம்பெனிகள் மின்சாரம் விற்பது ஆகியவை அதில் உண்டு. லாபம் தரும் பெரிய நுகர்வோரைத் தனியார் பொறுக்கிக்கொண்டால், குடிசைக்கும் காலனிக்கும் கரண்டு கொடுக்கும் பொறுப்பு வெறுங்கையோடு வாரியத்தின் தலையில் விழும். அப்புறம் "பணமில்லை" என்பார்கள்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த பாபாசாகேப் அம்பேத்கரிடம்தான் மின்சாரமும் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் நிலத்தை நம்பிக் கிடக்கும் ஏழைகளுக்கு மீட்சி இல்லை என்பது அவர் வாதம். மின்சாரம் அரசுடைமையா தனியாருடைமையா என்ற கேள்வியை 1943லேயே கொள்கைக் குழுவின் முன் வைத்தவர் அவர். பல்பு எரிவது மட்டும் அவருக்குப் போதவில்லை. கிராமத்து அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் வழியாக மின்சாரத்தைப் பார்த்தார். அவர் படத்தைக் காலனி முகப்பில் மாட்டியிருக்கும் நாம், மின்கட்டணம் முதலாளிகள் விவகாரம் என்று ஒதுங்கலாமா?

ஆகவே நம் கோரிக்கைகள்: கட்டண மனு முழுவதும் தமிழில் வர வேண்டும். சுருக்கம் போதாது. திருப்பூரிலேயே, ஞாயிற்றுக்கிழமையில், விசாரணை நடக்க வேண்டும். வாடகைக் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரரின் தயவும் இரட்டிப்பு வைப்புத்தொகையும் இல்லாமல் நேரடி மீட்டர் வேண்டும். 100 யூனிட் இலவசமும் குடிசை மின்சாரமும் தொடர, 65ஆவது பிரிவின்படி அரசு மானியத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். கம்பத்தில் ஏறிச் சாகும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கணக்கு மனுவின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நட்டத்தைப் பைசா சுத்தமாக எழுதுகிற கை, சாவையும் எழுதட்டும்.

மாணவத் தோழர்களே, ஆட்சேபணை எழுத வக்கீல் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். லைன் வீடு லைன் வீடாகப் போங்கள். எந்த அறையில் யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஆயிரம் மனு போகட்டும். மக்களைக் கேட்டோம் என்று ஆணையில் எழுதுகிறவர்கள், எந்த மக்களைக் கேட்டோம் என்பதையும் எழுதியாக வேண்டிய நிலையை உண்டாக்குவோம்.