வாள் நின்றது, சிலுவை சென்றது

அமெரிக்க நாட்டுப்பற்றுப் பாடல்களுள் 'குடியரசின் போர்ப்பாடல்' தனிப்புகழ் வாய்ந்தது. அதன் அல்லேலூயாப் பல்லவியை நம் ஆங்கிலப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். அப்பாடலின் இறுதிப் பகுதியில், இயேசுவின் சாவை முன்னிறுத்தி, பிறர் விடுதலைக்காகத் தாமும் சாக முன்வருவதாகப் பாடுவோர் உரைக்கும் இடம் ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பாடல் நூல்கள் பலவற்றில் அவ்விடத்தில் 'சாதல்' மறைந்து 'வாழ்தல்' வந்து அமர்ந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தானே என்பர். அந்த ஒரு சொல்லின்மேல்தான் நமக்கு வழக்கு.

1861 நவம்பரில் வாஷிங்டன் சென்றிருந்த ஜூலியா வார்டு ஹோவ் என்னும் அம்மையார், அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்தி 1859இல் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனின் பெயரால் படைவீரர் பாடிவந்த மெட்டைக் கேட்டு, அதற்கு இச்சொற்களை எழுதினார். 1862 பிப்ரவரியில் அது அச்சேறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதைப் பாடிச் சென்றவர் பலர் திரும்பவில்லை. அப்போரில் மாண்டோர் ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்கள் வாயில் அச்சொல் அலங்காரமன்று.

மாற்றியோர் கூறும் காரணத்தை நாம் இகழவில்லை. சாவைப் போற்றும் பாட்டு இளைஞரைப் போர்க்களத்திற்கு அழைத்துவிடும். ஒரு நாள் சாவதினும் நாள்தோறும் பிறருக்காக வாழ்வதே அரிது என்கின்றனர். உண்மையே. முதியவரையும் நோயுற்றோரையும் ஆண்டுக்கணக்கில் பேணும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும் அப்பாடலில் நிற்பது ஓர் ஒப்புமை. அவரைப் போல நாம் என்பதே அதன் உயிர். பின்பாதியை மாற்றிவிட்டால், சாவது அவர் பங்கு, வாழ்வது நம் பங்கு என்றாகிவிடும். சிலுவையை அவரிடமே விட்டுவிட்டு அதன் பயனை மட்டும் பெற்றுக்கொள்ளும் சமயம் இது! நாம் நாள்தோறும் பீடத்தில் ஒப்புக்கொடுக்கும் பலி இதுவன்று. அங்கே அவரோடு நம்மையும் சேர்த்தே ஒப்புக்கொடுக்கிறோம்.

போர்வெறியை நீக்குவதே நோக்கமெனில், கைவைக்க வேண்டிய இடம் வேறு. இறைவனின் சினத்தையும் அவர் உருவிய வாளையும் ஒரு படையின் அணிவகுப்போடு இணைத்துப் பாடுகிறதே முதல் பகுதி, அது இன்றும் குரல் உயர்த்திப் பாடப்படுகிறது. பிறரை வெட்டும் வாள் எவருக்கும் உறுத்தவில்லை. தன்னைத் தரும் சொல்தான் உறுத்தியது. ஹோவ் அம்மையாருக்குப் போரின் கொடுமையை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். 1870இல், ஐரோப்பாவில் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய வேளையில், போரைத் தடுக்க எழுமாறு உலகப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தவர் அவரே.

சொல்லை மாற்றுவதே பிழை என்று நாம் வாதிடவில்லை. வாஷிங்டனில் பிரித்தானியத் தூதராயிருந்த செசில் ஸ்பிரிங் ரைஸ், தாம் முன்பு எழுதிய போர்முழக்கமான கவிதையை 1918 ஜனவரியில் தாமே திருத்தி, வெற்றியின் இடத்தில் மடிந்தோரின் தியாகத்தை வைத்தார். பின்னர் அது ஹோல்ஸ்டின் இசையோடு ஆங்கிலக் கோவில்களில் நிலைபெற்றது. அதிலும் நமக்கு ஒரு குறை உண்டு. கேள்வி கேளாத அன்பை நாட்டுக்கு அளிப்பதாக அது உறுதி கூறுகிறது. அத்தகைய அன்பைப் பெற இறைவன் ஒருவருக்கே உரிமை. இட்லரின் படையில் போரிட மறுத்து 1943 ஆகஸ்டு 9 அன்று தலைவெட்டுண்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர் தம் நாட்டைக் கேள்வி கேட்டவர். திருச்சபை 2007இல் அவரை அருளாளராக உயர்த்தியது.

1968 ஏப்ரல் 3 இரவு, மெம்பிஸ் நகரில், மார்ட்டின் லூதர் கிங் தம் உரையை ஹோவ் அம்மையாரின் பாடலடி ஒன்றோடு முடித்தார். மறுநாள் மாலை சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் வாள் இருந்ததில்லை. அவர் நினைவு நாளில் இப்பாடலை எடுக்கும் பாடற்குழுவினர், இறுதிப் பகுதிக்கு வரும்போது எந்த நூலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.