அப்பாவோட வண்டிச் சாவியைப் பிடுங்காதீங்க

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்க மலைக்கு வர்ற பிள்ளைகள், ஊர் திரும்பும்போது தவறாமல் ஒரு உத்தரவு போட்டுட்டுப் போறாங்க. "அப்பா, அறுபது வயசாச்சு. இனிமே வண்டிய எடுக்காதீங்க." சென்னையிலும் கோவையிலும் இருந்து இதைப் படிக்கிற நீங்களும் சொல்லியிருப்பீங்க. அக்கறையில்தான் சொல்றீங்க. ஆனா அதுல நியாயம் இல்லை.

ஐம்பது வயசில் நகரத்துக்காரர் ஒருத்தர் புல்லட் வாங்கி, ஜாக்கெட் மாட்டி, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினா அதுக்குப் பேரு சாகசம். ஃபேஸ்புக்கில் படம் போட்டா கைதட்டுறீங்க. அதே வயசு சம்சாரி அதே மலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் மிளகு மூட்டையோட இறங்கினா, 'இந்த வயசுல இவருக்கு இதெல்லாம் தேவையா?' அவருக்கு வண்டி பொழுதுபோக்கு. இவருக்கு அது கால்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதுக்கு முன்னாடி தோட்டத்துக் காப்பியும் மலைவாழையும் ரோட்டுக்கு வந்தது குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான். இன்னைக்கும் தண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பஸ் நிக்கிற இடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவுல செங்குத்தான மண்பாதை கிடக்கு. ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாத்துக்கும் வண்டிதான்.

சாவியைப் பிடுங்கினா என்ன ஆகும்? மனுஷன் திண்ணைக்கு வந்துருவார். தோட்டத்துக்குப் போறது வாரம் ஒருமுறை ஆகும், அப்புறம் மாசம் ஒருமுறை. மிளகைப் பறிக்க ஆள் வந்தானா, காட்டுமாடு வேலியை உடைச்சுதான்னு பாக்க யாருமில்லை. 'பேசாம வித்துரலாமேப்பா' என்பீங்க. வாங்க ரிசார்ட்காரர் தயாரா நிப்பார்.

'கண்ணு தெரியாம எங்கேயாவது விழுந்துட்டா?' நியாயமான பயம். வயசானா கண் மங்கும், கை தாமதிக்கும். புரை வந்த கண்ணுக்கு ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் சுத்தமா மறைச்சிரும். ஆனா சட்டமே வயசைச் சொல்லி நிறுத்தலை. நாற்பது தாண்டினா டாக்டர் சான்றிதழ் கேக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஐம்பத்தைந்து தாண்டினவங்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கணும். அதாவது, ஓட்டத் தகுதி இருக்கான்னு பாரு என்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகுதான், 1976-ல், மதுரையில் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோட புரை அறுவை செஞ்சவர் அவர். பிறந்த வருஷத்தைப் பார்த்துக் கத்தியைப் பிடுங்கியிருந்தா எத்தனை பேருக்குப் பார்வை போயிருக்கும்?

உண்மையான ஆபத்து எதுன்னு சொல்றேன். பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்தில் என்ஜினை அணைச்சுட்டு உருளுற பழக்கம். எக்ஸெல்லில் கியர் இல்லை, அதனால என்ஜின் பிடிமானம் குறைச்சல். அதையும் அணைச்சா மொத்தச் சுமையும் பிரேக் மேலதான். டிரம் சூடேறினா பிடிக்காது. நடுவழியில் நிறுத்தி ஆறவிடணும். கியர் வண்டின்னா எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்கணும். பொழுது சாய்ஞ்சு, மஞ்சு இறங்கிட்டா வண்டியைத் தொடவே கூடாது.

இன்னொரு ஆபத்து நீங்க. கொண்டை ஊசி வளைவில் முந்துறது உங்க கார். மலைப்பாதையில் ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. இ-பாஸ் எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அந்த விதி ஏன் தெரியலை?

எப்போ நிறுத்தணும்? சரிவில் நிறுத்தின வண்டியைக் காலூன்றித் தாங்க முடியாதப்போ. தலைசுத்தல் வரும்போது. பழகின வழியே குழம்பும்போது. அது ஐம்பத்தெட்டிலும் வரலாம், எழுபத்தைந்திலும் வராம இருக்கலாம். அதைக் கூட இருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், போன்ல சொல்ல முடியாது.

அடுத்த முறை வரும்போது ஒரு நல்ல ஹெல்மெட்டும் ஒரு ஜோடி பிரேக் ஷூவும் வாங்கிட்டு வாங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் காட்டுங்க. அப்புறம் பின்னாடி உக்காந்து ஒருதரம் தோட்டம் வரைக்கும் போய்ட்டு வாங்க. அவர் ஓட்டலாமா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பேசுவோம்.