மாமிக்குத் தனிப் பீங்கானா?

ஜிந்துப்பிட்டிச் சகோதரி ஒருவர் கேட்டார்: "மாமிக்கு இன்ஃபுளுவென்சா. சஹனில் சேர்க்காமல் தனிப் பீங்கானில் சோறு கொடுத்தேன். மனம் நொந்துவிட்டார். நான் செய்தது பிழையா?"

பிழையல்ல, சகோதரி.

இக்கிருமி நம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேலிருக்கும் 'சியாலிக் அமிலம்' என்னும் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அதே பொருள் உமிழ்நீரிலுள்ள 'மியூசின்' போன்ற புரதங்களிலும் உண்டு. கிருமி ஏமாந்து அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. உமிழ்நீரோடு விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆனால் கிருமியிடமும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. 'நியூராமினிடேஸ்' என்னும் நொதியால் அந்தப் பிடியை வெட்டித் தப்பப் பார்க்கும். ஆகவே, உமிழ்நீர் காவல்தான், முழுக்காவல் அல்ல.

மேலும் இந்நோய் பெரும்பாலும் இருமல், தும்மல் துளிகளால் பரவுவது. சஹனைச் சுற்றி முகத்தோடு முகம் அமர்வதில்தான் ஆபத்து. 1918இல் கொழும்புத் துறைமுகம் வழியே வந்த இக்காய்ச்சல் இலங்கையில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது.

"உங்களை ஒதுக்கவில்லை மாமி, பிள்ளைகளைக் காக்கிறேன்" என்று சொல்லி, கஞ்சியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மூச்சு முட்டினால் தாமதியாமல் டொக்டரிடம் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், சுகமானதும் சஹனில் முதல் கை அவருடையதாகட்டும்.