தவணை கேட்கக் கூடாத வழக்கு

நீதிமன்றத்தில் வழக்குக்குத் தவணை கேட்கலாம். சாட்சி வரவில்லை என்று கேட்கலாம். உறுதி கைக்கெட்டவில்லை என்று கேட்கலாம். அப்புக்காத்துக்குச் சுகமில்லை என்றும் கேட்கலாம். காணி வழக்கொன்று இருபது ஆண்டு இழுபட்டாலும் காணி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் உடல் அனுப்பும் அழைப்பாணைக்குத் தவணை கிடையாது. அன்றே, அப்பொழுதே தோன்றி விடையளித்தாக வேண்டும். தவறினால் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகவே எழுதப்படும். அதற்கு மேன்முறையீடும் இல்லை.

இத்துறையில் எமது நாடு அடைந்த வெற்றி சிறிதன்று. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட நாடு இது. இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. அதில் யாழ்ப்பாணத்துக்கும் உரிய பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. பின்னர் இலவச வைத்தியமும், வீடு தேடி வரும் மருத்துவிச்சியும் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தனர். இத்தனையும் கைவசமிருக்க, இன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவொன்று நிகழுமாயின் அதற்குப் பொறுப்பாளி யார்?

தாய்மார் இறப்பதற்கான காரணத்தை ஆராய்ந்த தடேயஸ், மெயின் என்னும் அறிஞர் இருவர், 1994இல் மூவகைச் சுணக்கங்களை எடுத்துக் காட்டினர். வைத்தியசாலைக்குப் போவதென்று வீட்டிலே முடிவு செய்வதில் ஏற்படும் சுணக்கம் ஒன்று. வழியிலே ஏற்படும் சுணக்கம் இரண்டு. போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் சுணக்கம் மூன்று. யுத்த காலத்தில் இரண்டாவது சுணக்கம் எம்மீது சுமத்தப்பட்டது. ஊரடங்கு இரவுகளில் நோவெடுத்த பெண்ணுடன் விடியலுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் குடாநாட்டில் எத்தனை! அன்று சோதனைச் சாவடி மறித்தது. இன்று வழி திறந்திருக்கின்றது. மறிப்பது நமது வீட்டுத் திண்ணையே.

ஆகவே, எந்த அறிகுறிக்குத் தவணையில்லை என்பதை ஆண் பெண் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். எம்மாதத்திலாயினும் குருதி கசிந்தால், நோவில்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தொடக்க மாதங்களில் அடிவயிற்றின் ஒருபுறம் கடுமையாக நொந்து, தலைசுற்றி மயக்கம் வருமாயின், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும், அது உயிராபத்து. ஐந்து மாதத்தின் பின் விட்டுவிடாத தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று நோ ஆகியவை குருதி அமுக்கம் ஏறியதன் அடையாளமாயிருக்கலாம். அமுக்கம் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே வைத்தியர் பார்க்க வேண்டும். இதனை அசட்டை செய்தால் வலிப்பு வரலாம்.

வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் மறுநாள் வரை பார்த்திருக்கலாகாது. பேறு நெருங்கப் பிள்ளை அசைவது குறையும் என்பது தவறான நம்பிக்கை. நாள் நிரம்புமுன் பன்னீர்க்குடம் உடைதல், மூச்சு முட்டல், நெஞ்சு நோ, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், உள்ளங்கை உள்ளங்கால்களில் ஓயாத சொறிச்சல், நீரும் வயிற்றில் தங்காத வாந்தி ஆகிய எதுவும் பொறுத்திருந்து பார்க்கத் தக்கதன்று. மாரி காலத்தில் எமது பகுதியில் டெங்கு பெருகுவதால், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்ட முதல் நாளே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். கடையில் வாங்கிய நோக்குளிசைகளைத் தானே விழுங்குதல் கூடாது. பிள்ளை பிறந்ததுடன் ஆபத்து முடிந்துவிடுவதுமில்லை. பெருக்காகக் குருதி போதல், காய்ச்சல், தலையிடி, வலிப்பு ஆகியன பேற்றின் பின் ஆறு கிழமை வரையிலும் வரலாம். தாய் மனமுடைந்து உயிரை வெறுத்துப் பேசினால் அதுவும் நோயே. அவளை ஏசாது வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இவற்றைக் கேட்டும் நாம் சொல்லும் சாட்டுகள் எத்தனை! ‘இன்று அட்டமி’ என்கின்றோம். ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்கின்றார் மாமியார். ‘பாரிசில் இருக்கும் மகன் கோல் எடுக்கட்டும், கேட்போம்’ என்கின்றார் மாமனார். ‘ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் வெட்கம்’ என்று பெண்ணே தயங்குகின்றாள். புகையிலைக் கன்று வாடினால் பஞ்சாங்கம் பார்த்தா இறைக்கின்றோம்? இறைப்பு இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலே செவி சாய்க்கும் கமக்காரன், மனைவி ‘ஏதோ சரியில்லை’ என்று சொல்லும்போது செவி சாய்க்கலாகாதா? தன் உடலைப் பற்றி அவள் கூறுவதே முதற்சாட்சியம். அதனைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வீட்டிலே எவருக்கும் இல்லை. வீண் பயணமென்று முடிந்தால் நட்டம் வாகனச் செலவு மாத்திரமே.

அரசினர்க்கும் சொல்ல வேண்டியதுண்டு. 2018 யூலை முதல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அவசர ஊர்தி வருகின்றது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் நெடுந்தீவுக்கு ஊர்தி கடல் மேல் ஓடி வராது. குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. இரவிலும் நோயாளரை ஏற்றிவரத் தக்க படகும் ஓட்டியும் ஆயத்தமாயிருத்தல் சலுகையன்று, உரிமை. தீவகத்துக் கர்ப்பிணிகளும் நாள் நெருங்குமுன்னரே கரையிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுதல் நன்று. மருத்துவிச்சி இல்லாத பிரிவு எது, எத்தனை காலமாக இல்லை என்று நமது பிரதிநிதிகள் சபையிலே எழுந்து கேட்க வேண்டும்.

ஊர்ச் சங்கங்கள் அரசை எதிர்பார்த்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு சனசமூக நிலையத்தின் பலகையிலும் மேற்சொன்ன அறிகுறிகளையும், 1990 என்ற இலக்கத்தையும், நள்ளிரவிலும் வாகனம் தரச் சம்மதிக்கும் இருவர் பெயரையும் எழுதி வையுங்கள். அப்பலகையின் கீழிருந்து பத்திரிகை படிக்கும் ஆடவர் அதனையும் படிக்கட்டும். வீட்டிலே தவணை கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.